சுவர் தாண்டிய வடகறி

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் நான். நடுவே, சுவரின்மேல் ஒரு சட்டி. சட்டிக்குள் கொதி அடங்காத வடகறி.

"துணி போட்டுப் புடி. சுட்டாலும் கத்தக் கூடாது" என்று அப்பா கிசுகிசுத்தார். அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது. நெற்றி முழுக்க வேர்வை. காதோரம் ஒரு கொத்தமல்லி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"லில்லி! பின்னால இன்னாடி பண்ற?" வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல்.

"கோழிய வெரட்டறேன் அத்தை!"

எங்கள் வீட்டில் கோழியே கிடையாது.

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பாராட்டுகிற பார்வையா, பயந்த பார்வையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அந்தத் தலை சுவருக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. நான் சட்டியை அணைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தேன்.

ஆம்பூரில் தோல் கம்பெனியில் சூபர்வைசராக இருந்த ஒரு மனிதர், சொந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் திருட்டுத்தனமாக வடகறி செய்ய வேண்டிய அவசியம் என்ன? அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உப்புமா ஆட்சி

எழுபதுகள் முடிகிற சமயம். எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா தேவராஜுக்குத் தோலுக்குச் சாயம் ஏற்றுகிற பிரிவில் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பிள் துண்டுத் தோலையும் இங்கே செய்த தோலையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் 'பாஸ்'. இல்லாவிட்டால் 'ரிஜெக்ட்'. இந்த இரண்டு சொற்களைத் தவிர மனிதனுக்கு மூன்றாவது சொல் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். எங்கள் மார்க்குகளுக்கும் அதுதான், மாப்பிள்ளைகளுக்கும் அதுதான்.

அம்மா கிரேஸ், உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் பீட்டர் உயர்நிலைப் பள்ளி. அவனுக்கு இரண்டு வகுப்பு கீழே நான்.

அந்த வருடம் அம்மாவை வேலூருக்கு ஒரு வருடப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸுக்கான பயிற்சி. விடியற்காலைப் பாசஞ்சரில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து வேலூர். திரும்பி வீட்டுக்கு வரும்போது எங்களுக்குப் பசி வந்து, போய், மறுபடியும் வந்திருக்கும்.

"ராத்திரி சாப்பாடு நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

பார்த்துக்கொண்டார். முதல் நாள் உப்புமா. அடுத்த நாள் உப்புமா. அதற்கடுத்த நாள், ஒரு மாறுதலுக்காக, கொஞ்சம் தண்ணீர் கூடிப்போன உப்புமா. வாரம் மாறியது, மாதம் மாறியது, ரவை மாறவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது ஒருவர் ஜெபம் செய்ய வேண்டும். ஒருநாள் அண்ணன் முறை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உருக்கமான குரலில் ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, இந்த உப்புமாவுக்காக ஸ்தோத்திரம். நேத்து குடுத்த உப்புமாவுக்காகவும் ஸ்தோத்திரம். எங்க அப்பாவுக்கு வேற ஏதாவது ஒண்ண ஞாபகப்படுத்தும்."

அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னது, ரயிலிலிருந்து இறங்கி வந்து கைகால்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்த என் அம்மா.

அரை மணி நேரத்துக்குள்

மறுநாள் முதல் அப்பா மாறினார். அவர் மானஸ்தர். ஒரு 'ரிஜெக்ட்'டைத் தாங்கிக்கொள்ளவே முடியாது.

இப்போது என் மருமகள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பையை வைத்ததும், "அத்தை, நைட்டுக்கு என்ன பண்றது?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போனை எடுப்பாள். போனில் இருக்கிற ஆயிரம் படங்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தோசை. நான் சிரித்துக்கொள்வேன். அப்பாவிடம் அப்போது போனும் இல்லை, சமையல் புத்தகமும் இல்லை. கம்பெனிச் சங்கு ஊதியபின் வீட்டுக்கு வருகிற வழிதான் அவருடைய சமையல் புத்தகம். சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு, கடை கடையாகப் பார்த்துக்கொண்டே வருவார். எது கண்ணில் பட்டதோ அதுதான் அன்றைய ராத்திரி.

பேக்கரியில் பன் இருந்தால், அதை இரண்டாகப் பிளந்து தோசைக்கல்லில் வாட்டி, நடுவே வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட முட்டையை வைத்து அழுத்தித் தருவார். கேட்டால், "கம்பெனில தோலுக்குப் பண்றதுதான், இதுக்கு பேரு பிரஸ்ஸிங்" என்பார். முருங்கைக்கீரை மலிவாகக் கிடைத்தால் கேழ்வரகு அடையும் வேர்க்கடலைச் சட்னியும். பிரியாணிக் கடையில் குஸ்கா மட்டும் வாங்கி வந்து, வீட்டில் கத்திரிக்காயைப் புளியும் எள்ளும் அரைத்துப் போட்டுச் சுண்டவைத்துப் பக்கத்தில் வைப்பார். காலை இட்லி மிஞ்சியிருந்தால் பிய்த்துப் போட்டு, மிளகுத்தூளும் கறிவேப்பிலையுமாகத் தாளித்துவிடுவார். எதுவும் அடுப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் ஒன்றே இரண்டு முறை வரக் கூடாது. இது சட்டம்.

எல்லாம் பாஸானது என்று நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் கேழ்வரகுக் களி கிண்டினார். கரண்டி உள்ளே போனது, வெளியே வரவில்லை. அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தோலைப் பார்க்கிற அதே பார்வை.

"செருப்புக்கு சோல் ஒட்டலாம்" என்றார். அன்றைக்கு எல்லாரும் வாழைப்பழம் சாப்பிட்டோம்.

இன்னொரு நாள் தேங்காய்ப்பால் சோறு என்று சொல்லி, அவசரத்தில் உப்பு டப்பாவுக்குப் பதிலாக ஆப்பசோடா டப்பாவைக் கவிழ்த்தார். சோறு மஞ்சளாகிவிட்டது. "சாம்பிள் கலர் சரியாத்தான் வந்துக்குது" என்று அண்ணன் சொன்னதற்கு, அவனுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது.

ஆனால் அப்பாவின் தலைசிறந்த படைப்பு வடகறிதான். டீக்கடையில் சாயங்காலம் விற்காமல் ஆறிப்போன மசால் வடையை வாங்கி வருவார். அதை உதிர்த்து வைத்துக்கொள்வார். சட்டியில் எண்ணெய், பட்டை, சோம்பு, நிறைய வெங்காயம், தக்காளி. மசாலா பச்சை வாசனை போனதும் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் வடையைப் போட்டு மூடி இறக்கிவிடுவார். அடைக்கும் தோசைக்கும் அதற்கு நிகர் கிடையாது. கடைக்காரர் நஷ்டமென்று நினைத்தது எங்களுக்கு விருந்தாக வந்து சேரும்.

இந்தச் சமையலுக்கு ஒரு ஆலோசகரும் உண்டு. பக்கத்து வீட்டுக் கமருன்னிசா அக்கா. அவர் கணவர் தோல் கமிஷன் வியாபாரம், பாதி நாள் கான்பூரிலும் மெட்ராஸிலும் இருப்பார். அக்காவின் மூக்குக்குச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. தன் வீட்டுக் கொல்லையிலிருந்தே உத்தரவு போடுவார்.

"அண்ணே, வெங்காயம் கருகுது! ஸ்டவ்வ கம்மி பண்ணு!"

அப்பா கம்மி பண்ணுவார்.

தியேட்டருக்குப் போகிற அம்மா

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஒரே ஒரு சொல்.

அப்பாவுக்கு ஒரு அக்கா. எஸ்தர் அத்தை. மாமா ரயில்வே கார்டு. வீடு ஜோலார்பேட்டையில். அத்தை அப்பாவைவிடப் பெரியவள், உயரத்திலும்தான். அப்பாவின் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்ததே அத்தைதான். அதனால் அத்தை பேச ஆரம்பித்தால் அப்பா பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார்.

மாமாவின் தோஸ்த் ஒருவர், பாசஞ்சர் வண்டியில் டிக்கெட் பரிசோதகர். அவர் ஒருநாள் சாயங்கால வண்டியில் அம்மாவைப் பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா, தெனம் இந்த வண்டில வர்றீங்க?"

"ஒரு வருஷத்துக்கு தியேட்டர்லதாங்க, அதான்" என்று சொல்லிவிட்டு, களைப்பில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வாக்கியம் அதே வண்டியில் ஜோலார்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் வாணியம்பாடியிலேயே அதற்குக் கை கால் முளைத்திருக்க வேண்டும். அத்தையின் காதில் விழுந்தபோது அது இப்படி ஆகியிருந்தது: தேவராஜ் பெண்டாட்டி புருஷனையும் பிள்ளைகளையும் பட்டினி போட்டுவிட்டுத் தினமும் வேலூருக்குப் போய்த் தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வருகிறாள்.

பையோடு வந்த அத்தை

நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பெரிய பை. அது காலியாக இருந்தது. ஊருக்கு வருகிறவர்கள் பையை நிரப்பிக்கொண்டு வருவதுதானே வழக்கம்?

"உங்க துணிமணிக்குத்தான்" என்றாள் அத்தை. "ரெண்டு பேரும் என்கூட வர்றீங்க. அங்கயே ஸ்கூல்ல சேத்துக்கலாம். நேரத்துக்கு சோறாவது கெடைக்கும்."

அத்தை வீடு நல்ல வீடுதான். ஆனால் அங்கே பிள்ளைகள் கிடையாது, சத்தம் கிடையாது. கடிகாரம் மட்டும்தான் பேசும்.

அத்தை உள்ளே போய் நேராக அடுக்களைக்குள் நுழைந்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"ராத்திரிக்கு ஒண்ணுமே ஆக்கி வெக்கல. ஏன் பீட்டரு, உங்கம்மா போனா போவுதுன்னு வுட்டுட்டுப் போய்ட்டாளா?"

அப்பா சமைக்கிறார் என்று சொல்ல முடியாது. தம்பி அடுப்படியில் நிற்கிறான் என்று தெரிந்தால் அத்தை அன்றைக்கே எங்களை ரயிலேற்றிவிடுவாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"காலையிலயே ஆக்கி வெச்சிட்டுத்தான் போனாங்க அத்தை."

"எங்க?"

"பக்கத்து வீட்டுல... ஐஸ் பெட்டில."

எங்கள் தெருவிலேயே கமர் அக்கா வீட்டில் மட்டும்தான் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அத்தை ஒரு நிமிடம் யோசித்தாள். ஐஸ் பெட்டியைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. தெரியாததை ஒப்புக்கொள்கிற பழக்கமும் கிடையாது.

"செரி. எடுத்தாரச் சொல்லு, நேரமானதும்."

சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்து அடுக்களை வாசலிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் "டியூஷன்" என்று முணுமுணுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினான்.

அங்கே அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் எண்ணெய் ஊறிய பொட்டலம் தொங்கியது. அண்ணன் விஷயத்தைச் சொன்னதும், அப்பா அங்கேயே ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டாராம். பிறகு சைக்கிளைப் பக்கச் சந்துக்குள் திருப்பினாராம்.

ஐஸ் பெட்டியின் மகிமை

கமர் அக்கா அன்றைக்குச் சிரித்த மாதிரி, பிறகு அவர் மகன் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டுதான் கொல்லை அடுப்பைப் பற்ற வைத்தாராம்.

"அல்லா! ஒரு வடகறிக்கு இவ்ளோ பேஜாரா, அண்ணே?"

"நீ சிரிக்காத. சோம்பு எங்க?"

இந்தப் பக்கம் என் பாடு வேறு. சோம்பு வாசனை சுவரேறி வந்து எங்கள் அடுக்களையைச் சுற்றிக்கொண்டு நின்றது. அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

"பாய் வூட்டுல இன்னாமோ தாளிக்கறாங்க. நல்லாத்தான் இருக்குது வாசனை."

கோழியை விரட்டப் போன கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் சட்டியோடு உள்ளே வந்தேன். அத்தை எழுந்து வந்து, என் கையிலிருந்து வாங்கப்போனவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐஸ் பெட்டில இருந்துதா எடுத்தாந்த? இன்னாடி இப்படி கொதிக்குது?"

அதற்குள் திரும்பி வந்திருந்த அண்ணன் கதவோரம் நின்று சொன்னான்:

"அது பாரின் பெட்டி அத்தை. ஒரு பக்கம் ஜில்லுனு இருக்கும், ஒரு பக்கம் சூடா இருக்கும்."

"ஓ" என்றாள் அத்தை, எப்போதோ கேள்விப்பட்டவளைப் போல.

வாசலில் சைக்கிள் மணி தேவைக்கு மேல் பலமாக அடித்தது. அப்போதுதான் கம்பெனியிலிருந்து வருகிறவரைப் போல அப்பா நுழைந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காதோரத்துக் கொத்தமல்லி இன்னும் அங்கேயே இருந்தது.

"அக்கா! எப்ப வந்த?"

அத்தை அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிட்டே வந்து முகர்ந்தாள். வழக்கமாக அவர்மேல் சுண்ணாம்பும் மரப்பட்டைச் சாறும் கலந்த தோல் வாடைதான் வீசும்.

"இன்னாடா, உன்மேல சோம்பு நாத்தம்?"

"புது கெமிக்கல்க்கா."

"காதுல?"

அப்பா காதைத் தடவி, இலையை எடுத்துப் பார்த்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

பாராட்டு யாருக்கு?

அம்மா வருவதற்குள் பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று அத்தை எங்களை உட்காரவைத்துவிட்டாள். காலை மாவு மிஞ்சியிருந்தது. தோசை அவளே ஊற்றினாள். ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். இன்னொரு வாய். மூன்றாவது தோசைக்கு வடகறியைத் தானே ஊற்றிக்கொண்டாள்.

"கிரேசு கையில இப்படி ஒரு ருசி இருக்குதுன்னு தெரியாமப் போச்சே. இத்தினி வருஷமா எனக்கு ரசத்தயே ஊத்திக்கினு இருந்தா."

அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவின் நிலைமைதான் பரிதாபம். ஆயுளில் முதல் தடவையாக அக்கா ஒரு சமையலைப் புகழ்கிறாள். அந்தப் புகழ் வேறு விலாசத்துக்குப் போகிறது.

"உப்பு செரியா இருக்குதாக்கா?" என்றார்.

"நல்லா இருக்குது."

"காரம் ஜாஸ்தி இல்லியே?"

"நீ இன்னாத்துக்குடா கேக்கற? அவ ஆக்கினது, நான் தின்றேன்."

எட்டரை இருக்கும். அம்மா வந்தாள். அத்தையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறினாலும், "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்ல எங்களுக்கு வழியே கிடைக்கவில்லை. அண்ணன் புருவத்தால் ஏதோ சொன்னான். நான் காலால் அவள் காலை மிதித்தேன். "சும்மா இருடி" என்று மட்டும் சொன்னாள். அத்தை அவள் தட்டில் தோசையை வைத்து வடகறியை ஊற்றினாள். அம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். நாள் முழுக்க நின்ற களைப்பெல்லாம் அந்த முகத்திலிருந்து இறங்கியது.

"ஏங்க, இன்னிக்கி சோம்பு கரெக்டா போட்டுக்கறீங்க. போன தடவைக்கு இது எவ்ளோ தேவல!"

தோசைக்கல் மட்டும் சுர்ரென்றது.

தட்டுக்கு முன்னால்

அத்தை தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"அப்ப, ஐஸ் பெட்டி?"

"நான்தான்க்கா செஞ்சேன்" என்றார் அப்பா. "கமர் வூட்டு அடுப்புல. தெனம் நான்தான் செய்யறேன்."

நல்ல மழை பெய்வதற்கு முன்னால் காற்று நிற்குமே, அப்படி ஒரு நிமிடம். பிறகு கொட்டியது. ஆம்பிள்ளை, அடுப்பு, அம்மா உயிரோடு இருந்திருந்தால், சபையில் நாலு பேர், எல்லாம் வந்தது. கடைசியில் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இவன இங்க அடுப்பு ஊத வெச்சிட்டு நீ தெனமும் தியேட்டர்ல போயி குந்திக்கினு இருக்கியாமே! ஒண்ணு, அத வுடு. இல்ல, புள்ளைங்கள என்கூட அனுப்பு."

"உக்கார்றதா? அங்க எங்க அண்ணி உக்கார வுடறாங்க? காலைல இருந்து நின்னுக்கினுதான் இருக்கேன்."

"டிக்கெட் எடுத்துமா நிக்க வெக்கறான்?"

அம்மாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அண்ணனுக்கு முதலில் புரிந்துவிட்டது. அவன் அப்படியே சுவரில் சாய்ந்து குலுங்க ஆரம்பித்தான். புரிந்ததும் அம்மாவும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. கையைத் தட்டில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சினிமா தியேட்டர் இல்ல அண்ணி. ஆபரேஷன் பண்ற எடத்துக்கும் தியேட்டர்னுதான் பேரு."

அத்தை அடுப்பை அணைத்தாள். அம்மா தொடர்ந்தாள்.

"இன்னிக்கி குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணக் கொண்டாந்தாங்க. வண்டி கட்டி, பஸ் ஏறி, ரெண்டு நாளா வலி. கொழந்த திரும்பிக்கினு இருக்குது. டாக்டரு பாக்காமயே கைய நீட்டுவாரு அண்ணி. அந்தக் கையில எத வெக்கணும்னு நான்தான் தெரிஞ்சிக்கணும். அவரு கேக்கறதுக்குள்ள வெக்கணும். தப்பா வெச்சா அந்தப் பொண்ணுக்கு நேரம் போய்டும்."

"அப்புறம்?" என்றாள் அத்தை. குரல் வேறு மாதிரி இருந்தது.

"பொட்டப் புள்ள. அழவே இல்ல. மொதல்ல எல்லாரும் பயந்துட்டோம். தலகீழா புடிச்சி தட்டினப்புறம் போட்டுச்சி பாருங்க ஒரு சத்தம்!"

"தாயி?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அத்தைக்கு ஒரு குழந்தை பிறந்ததும், அன்றைக்கே போனதும், அவளே பிழைத்தது பெரிய பாடாக இருந்ததும் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அது வீட்டில் நடந்த பிரசவம். கை நீட்ட டாக்டரும் இல்லை, கையில் எடுத்து வைக்க ஆளும் இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை வெகுநேரம் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான். சோப்பு போட்டுப் போட்டு வெளுத்து, சுருங்கிப்போன கை. அந்தக் கையில் வடகறி காய்ந்துகொண்டிருந்தது.

"தேவராஜு" என்றாள் அத்தை கடைசியில்.

"இன்னாக்கா?"

"இன்னா மசமசன்னு நிக்கற? அவ தட்டு காலியாக்கீது பாரு. சூடா ஊத்து."

அப்பா ஊற்றினார். அவசரத்தில் தரையிலும் ஊற்றினார்.

முக்காலி நகர்ந்தது

அத்தை மறுநாள் கிளம்பவில்லை. அந்த வாரம் முழுக்க இருந்தாள். காலிப் பை கதவுக்குப் பின்னால் மாட்டிக் கிடந்தது. எங்கள் துணி எதுவும் அதற்குள் போகவில்லை.

தினமும் சங்கு ஊதியதும் முக்காலியை அடுக்களை வாசலிலிருந்து உள்ளே நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அப்பா சமைப்பதைப் பார்ப்பாள். உதவி செய்ய மாட்டாள். "வெங்காயத்த இவ்ளோ தடியாவா நறுக்குவாங்க?", "அடுப்பு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கமர் அக்காவும் சேர்ந்துகொள்வார். இரண்டு சூபர்வைசர்களுக்கு நடுவே அப்பா ஒற்றைத் தொழிலாளியாக நின்று முட்டை பன் வாட்டினார். கம்பெனியில்கூட அவருக்கு இவ்வளவு வேர்த்ததில்லை.

சனிக்கிழமை வண்டி ஏறுவதற்கு முன்னால் அத்தை கமர் அக்கா வீட்டுக்குப் போய் அந்த ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே கையை விட்டு ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, அண்ணன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

ஜோலார்பேட்டையில் ஒரு சாயங்காலம்

அம்மாவின் பயிற்சி முடிந்தது. அந்த வருடக் கோடை விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேரும் ஜோலார்பேட்டைக்குப் போனோம்.

சாயங்கால நேரம். அத்தை முன்கூடத்தில் நல்ல சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்து துணையில்லாமல் தனியாகக் கிடக்கிற பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். வாரத்தில் பாதி நாள் இதுதானாம். வலி வந்தால் கையைப் பிடித்துக்கொள்வாளாம். சத்தம் போட்டால் இவள் அதைவிடச் சத்தம் போடுவாளாம்.

"நீங்க குந்துங்க. நான் எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன். ராத்திரிக்கு முட்டைக் குழம்பு" என்றாள்.

"யாரு அண்ணி வெக்கறாங்க?" என்றாள் அம்மா.

அத்தை பின்பக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கப் போனாள்.

நாங்கள் அடுக்களையை எட்டிப் பார்த்தோம். மாமா நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ சரக்கு வண்டிகளைக் கொடியசைத்து அனுப்பிய ரயில்வே கார்டு, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெங்காயம் உரித்து உரித்துக் கண்ணெல்லாம் சிவந்து நின்றார். அப்பாவைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, கிட்டே வந்து, தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்" என்றார் தழுதழுத்த குரலில், "நான் உனக்கு இன்னாய்யா பாவம் பண்ணேன்?"

வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அங்க இன்னா பேச்சு? அடி புடிக்குது பாருங்க!"

இரண்டு பேரும் பாய்ந்து போய்ச் சட்டியை இறக்கினார்கள்.